பெட்டி வராத நாளும் பிள்ளை வரப்போகும் மாதமும்

கர்ப்பமாக இருக்கும்போது பயணம் போகலாமா என்று கேட்டால், சிக்கல் ஏதும் இல்லாதவர்களுக்கு 14 வாரத்திலிருந்து 28 வாரம் வரையிலான காலமே ஏற்றது என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அதற்குள் மசக்கை பெரும்பாலும் அடங்கியிருக்கும். வயிறும் நடையைத் தடுக்கும் அளவுக்குப் பெரிதாகியிருக்காது. 28 வாரம் கடந்துவிட்டால் விமான நிறுவனங்கள் பல, மருத்துவரின் சான்றுக் கடிதத்தைக் கேட்கின்றன. ஒற்றைப் பிள்ளை என்றால் 36 வாரத்தோடும், இரட்டைப் பிள்ளைகள் என்றால் அதற்கு முன்பாகவும் ஏற்றிக்கொள்வதை நிறுத்திவிடுகின்றன. இவற்றையெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் ஆறாம் மாதத்தில் நானும் என் கணவரும், இருவராக மட்டும் போகும் கடைசிப் பயணம் இது என்று சொல்லிக்கொண்டு வெளிநாட்டுக்குக் கிளம்பினோம். போன இடத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது.

திரும்பும் வழியில் முதல் விமானம் தாமதமாகப் புறப்பட்டது. இடையில் மாற வேண்டிய நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது அடுத்த விமானம் கிளம்பிப் போயிருந்தது. மாற்று விமானம் மறுநாள் காலையில்தான் என்றார்கள். இரவு தங்குவதற்கு அறை கிடைக்குமா என்று கேட்டதற்கோ, இன்னும் அரை மணியில் தெரியும் என்ற பதிலே மீண்டும் மீண்டும் வந்தது. "நீ உட்கார்ந்திரு, நான் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் நீண்ட வரிசையில் போய் நின்றார். நான் சுவரோரம் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினேன். கால் வீங்கியிருந்தது, செருப்பு வார் பதிந்த தடம் வெகுநேரம் மறையவில்லை. கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் தன்மை கூடுவதால், நெடுநேரம் ஒரே இடத்தில் அமர்ந்திருந்தால் கால் இரத்தக்குழாய்களில் இரத்தக்கட்டு உண்டாகும் வாய்ப்பு அதிகம் என்பதும், மணிக்கொருமுறையாவது எழுந்து நடக்க வேண்டும் என்பதும் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தவை. ஆகவே அந்த இரவு முழுவதும், சிறிது நேரம் உட்காருவதும் பின் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெல்ல நடந்து வருவதுமாகக் கழிந்தது. நடக்கும்போது உணர முடியாத பிள்ளையின் அசைவுகள், உட்கார்ந்த சற்று நேரத்தில் தெளிவாகத் தெரிந்தன. அந்த இரவில் எனக்கு மிகப் பெரிய ஆறுதலாக இருந்தவை அந்த அசைவுகள்தாம்.

கூடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்த ஒரு பெண் என்னை இரண்டு மூன்று முறை கவனித்திருக்க வேண்டும். அவருடைய மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவருக்குத் தெரியாது. பூட்டியிருந்த ஒரு பகுதியிலிருந்து இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து எனக்கு எதிரே போட்டு, காலை அதன் மேல் நீட்டிக்கொள்ளும்படி சைகை காட்டினார். பிறகு தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி மூன்று விரல்களை உயர்த்தினார். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்று புரிந்துகொண்டேன். வரிசையில் நின்றிருந்த முன்பின் தெரியாத பயணிகளும் விஷயம் தெரிந்ததும் என் கணவரை முன்னே போகச் சொல்லி வழிவிட்டார்கள். பிறருடைய உதவியைக் கேட்டு வாங்குவது எனக்கு இயல்பாக வராது. பிள்ளை பிறந்த பிறகு பல வாரங்கள் பிறர் கையை நம்பித்தான் வாழப்போகிறேன் என்பதால், தயக்கமின்றி அதை ஏற்றுக்கொள்ளும் முதல் பாடம் அந்த நாற்காலியில் கிடைத்ததை நல்லதென்றே எண்ணுகிறேன்.

ஊர் வந்து சேர்ந்தோம், பெட்டி வரவில்லை. அந்தப் பெட்டிக்குள் பிள்ளைக்கென்று நாங்கள் வாங்கிய முதல் சட்டை, உள்ளங்கை அகலமே இருக்கும் ஒரு வெள்ளைச் சட்டை, இருந்தது. ஸ்கேன் முடிவுகளும் இரத்தப் பரிசோதனைத் தாள்களும் அடங்கிய மருத்துவக் கோப்பு மட்டும் என் கைப்பையிலேயே இருந்தது. எங்கே போனாலும் அதை உடன் வைத்திருக்கும்படி மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். நிலையத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பெட்டி வராததை எழுத்தில் பதிவுசெய்து, அதன் எண்ணை வாங்கிக்கொண்டோம். பன்னாட்டு விமானப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கடந்தும் பெட்டி வந்து சேராவிட்டால் அது தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். சேதமடைந்த நிலையில் வந்தால், கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். எங்கள் பெட்டி அந்த 21 நாள் கெடு முடிவதற்கு முன்பே ஒரு சக்கரம் உடைந்து வந்து சேர்ந்தது. சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பயணம் போகும் எவரும், கர்ப்பிணிகள் குறிப்பாக, மாத்திரைகளையும் மருத்துவத் தாள்களையும் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த இரவைப் பற்றி அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். காத்திருப்பதைக் காட்டிலும், எப்போது முடியும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் மனத்தைக் களைப்படையச் செய்கிறது. இப்போது வீட்டில் நாங்கள் இருக்கும் நிலையும் ஏறக்குறைய அதுவே. பிரசவத் தேதி என்று மருத்துவர் குறித்துக் கொடுப்பது, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிப் போடும் கணக்கு. தொடக்க மாத ஸ்கேனைக் கொண்டு அதைத் திருத்துவார்கள். அப்படியும் சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரத்துக்குள் எந்த நாளிலும் வலி எடுக்கலாம். இது தெரிந்திருந்தும், சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் அந்த ஒரே கட்டத்தைச் சுற்றித்தான் எங்கள் பேச்சு முழுவதும் இருந்தது.

அன்றாட வாழ்க்கை சிறிது சிறிதாக மாறி வருகிறது. மாலை நடையில் அவர் என் வேகத்துக்குத் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதற்காகத் தலையணைகளை அடுக்குவதற்கே ஒவ்வோர் இரவும் நேரம் எடுக்கிறது. தொட்டில் சன்னலோரமா, கட்டிலின் அருகிலா என்ற விவாதம், கட்டிலின் அருகில் என்று முடிந்தது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை பால் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதும், மொத்தத்தில் நெடுநேரம் உறங்கினாலும் அந்த உறக்கம் இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாகவே இருக்கும் என்பதும் தெரிந்த பிறகு வேறு இடம் பொருத்தமாகத் தோன்றவில்லை. பிறந்த புதிதில் குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதே ஓரளவு தெளிவாகத் தெரியுமாம். பால் குடிக்கும் பிள்ளையின் கண்ணுக்கும் தாயின் முகத்துக்கும் இடையே இருப்பதும் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான். இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

திட்டமிடுவது வீண் என்று நான் நினைக்கவில்லை. முன்யோசனையோடு கைப்பையில் வைத்ததனால்தானே கோப்பு தப்பியது. ஆனால் எந்த நாளில் நடந்தாலும் உதவக்கூடிய ஏற்பாடுகளுக்கும், குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்தால் மட்டுமே உதவும் ஏற்பாடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை இப்போது பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் பையை 36 வாரத்துக்குள் கட்டி வைப்பதும், பின்னோக்கிப் பார்த்தபடி பொருத்த வேண்டிய குழந்தை இருக்கையை இப்போதே காரில் மாட்டிப் பழகுவதும் முதல் வகை. என் கணவர் குறித்த தேதியிலிருந்து விடுப்பு கேட்டிருந்தது இரண்டாம் வகை. சென்ற வாரம் அவர் அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பிள்ளை பிறக்கும் நாளிலிருந்து விடுப்பு தொடங்கும்படி மாற்றி எழுதிக் கொடுத்தார். அலுவலகத்திலும் அதற்கு ஒப்புதல் தந்துவிட்டார்கள்.