இறுதியாண்டு வயலின் தனிக் கச்சேரி: தயாரிப்பு நாட்குறிப்பு

ஜனவரி 8

இறுதியாண்டு மாணவிக்கு மார்ச் 14 அன்று தனிக் கச்சேரி. ஒன்றரை மணி நேரம், பக்கத்தில் மிருதங்கமும் கடமும். உருப்படிப் பட்டியலுக்கு முன்னால் சுருதியை முடிவு செய்ய வேண்டும். பாடகிகளுக்குப் பக்கம் வாசித்து 5 கட்டையில் பழகிய கை இது (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் கூடினால் சுருதி உயரும்). அந்தச் சுருதியில் கீழ்த் தந்திகள் இரண்டும் மேல்நாட்டு முறையில் நிற்கும் அதே இடத்தில் நிற்கும். மேல் தந்திகளை இரண்டிரண்டு அரைச்சுரம் இறக்கினால் போதும். ஆனால் தனியாக வாசிக்கும்போது மந்தரத்தில், அதாவது கீழ் ஸ்தாயியில், கனம் வேண்டும், அது 5 கட்டையில் கிடைக்காது. 2½ கட்டை என்று வைத்தாயிற்று.

இதற்கு ஒரு விலை உண்டு. கீழ்த் தந்திகள் நான்கு அரைச்சுரமும் மேல் தந்திகள் ஆறு அரைச்சுரமும் தளர்கின்றன. தளர்ந்த தந்தியில் வில்லை அழுத்தினால் சுருதி பிசகும், ஒலியும் நெரிபடும். சற்றுத் தடித்த தந்தி போட்டால் ஓரளவு சரியாகும். மிச்சத்தை வில்தான் சரிசெய்ய வேண்டும்: அழுத்தம் குறைவு, ஓட்டம் அதிகம்.

மிருதங்கக்காரருக்கு இன்றே சொல்லியாகிவிட்டது. 2½ கட்டைக்குத் தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கம் வேண்டும். எச்சு சுருதி (உயர்ந்த சுருதி) வாத்தியத்தை இவ்வளவு இறக்கினால் நாதம் செத்துவிடும். கடத்தை இறக்கி ஏற்றவே முடியாது. அதே சுருதியில் கடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

ஜனவரி 15

பட்டியல். ஆபோகி வர்ணம் (பட்டணம் சுப்பிரமணிய ஐயர்) 6 நிமிடம். ஹம்சத்வனியில் வாதாபி, கற்பனைச் சுரத்தோடு 10. கல்யாணியில் சியாமா சாஸ்திரியின் ஹிமாத்ரிசுதே, சுருக்கமான ஆலாபனையோடு (தாளமின்றி ராகத்தை விரிப்பது) 15. விறுவிறுப்பாக ஒரு சின்ன கிருதி 5. பிரதானம் பைரவி, தீட்சிதரின் பாலகோபால, தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) சேர்த்து 40. பிறகு துக்கடா (கடைசியில் வரும் சின்ன உருப்படி), தில்லானா 8, மங்களம் 1. மொத்தம் 85. மீதி 5 நிமிடம் சுருதி சேர்க்கவும் மூச்சு வாங்கவும்.

முதல் இரண்டுமே ஐந்து சுர ராகங்கள். மூன்றாவதாக ஏழு சுரமும் நிறைந்த கல்யாணி வந்தே ஆக வேண்டும். அதன் பிரதி மத்யமத்தை (உயர்ந்த ‘ம’) கேட்ட காதுக்குப் பைரவியின் சுத்த மத்யமம் (தாழ்ந்த ‘ம’) புதிதாக விழும். ஹிமாத்ரிசுதே ரூபகத்தில் அமைந்ததால் ஆதி தாளத்தின் நடுவே ஒரு மாற்றமும் கிடைக்கிறது.

ஜனவரி 27

தனிக் கச்சேரியில் பாடுபவர் கிடையாது. சாகித்யத்தை, அதாவது பாடலின் சொற்களை, வில்தான் சொல்ல வேண்டும். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் வாசித்ததைக் கேட்டால் சொல் எங்கே பிரிகிறது என்று தெரியும். அந்தத் தெளிவுதான் இங்கே இலக்கு.

முறை இது. கிருதியை முதலில் வாயால் பாட வேண்டும். பிறகு சாகித்யத் தாளை எடுத்து, வில் மாறும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட வேண்டும். மெய்யெழுத்து தொடங்கும் இடத்தில் வில்லை மாற்றி நுனியளவு அழுத்தம். உயிர் நீளும் வரை அதே வில். ‘பாலகோபால’ என்பதில் ‘பா’வின் நடுவில் வில் மாறினால் கேட்பவருக்கு அது இரண்டு எழுத்தாகிவிடும். வர்ணத்தில் சாகித்யம் குறைவு, ஓர் உயிரின் மேல் பல சுரங்கள் ஓடும். அங்கே சுரத்துக்கு ஒரு வில் என்று வாசிப்பவர்கள் நிறைய. எல்லாம் துண்டு துண்டாகக் கேட்கும். தில்லானா நேர் எதிர்: ஜதிச் (தாளச்) சொல்லுக்குச் சொல் குட்டை வில், வில்லின் நடுப்பகுதியில் மட்டும்.

நிரவலுக்கு (ஒரே வரியைப் பல விதமாக விரிப்பது) பாலகோபாலவின் ‘நீல நீரத’ வரி. சங்கதி (வரியின் மாறுபட்ட இசை வடிவம்) எவ்வளவு விரிந்தாலும் ‘நீ’யும் ‘ர’வும் தாளத்தில் தம் இடத்திலேயே விழ வேண்டும். வேகம் கூடியதும் கைவிடப்படுவது முதலில் சொல்தான். அதன் பிறகு அது நிரவல் இல்லை, சுரம் இல்லாத சுரப் பிரஸ்தாரம்.

பிப்ரவரி 10

பைரவி ஆலாபனை, 12 நிமிடம். விரல் சுலபமாக ஓடும் முதல் தந்தியிலேயே ஆலாபனை முழுவதும் நடந்துவிடும் அபாயம் எல்லா மாணவருக்கும் உண்டு. ஆகவே ஒரு கட்டுப்பாடு: முதல் 4 நிமிடம் மூன்றாம், இரண்டாம் தந்திகளை விட்டு நகரக் கூடாது. ஏறும்போது சதுஸ்ருதி தைவதம் (உயர்ந்த ‘த’), இறங்கும்போது சுத்த தைவதம் (தாழ்ந்த ‘த’). நிஷாதத்தின் கம்பிதம் (சுரத்தின் அசைவு) தளர்ந்த தந்தியில் வரம்பு மீறி சட்ஜத்தைத் தொட்டுவிடுகிறது. விரலின் வீச்சைக் குறைக்க வேண்டும். அசைவின் நடுவில் வில் மாறக் கூடாது, நின்ற சுரத்தில்தான் மாற வேண்டும்.

ஜாரு (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்குவது) வழுக்கிப் போக விரல் நுனியில் தேங்காய் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. வில் படும் இடத்திலோ வில்லின் மயிரிலோ அது பட்டால் ரோசின் பிடிக்காது, வில் வழுக்கும்.

பிப்ரவரி 21

மிருதங்கத்தோடு முதல் ஒத்திகை. கோர்வை (கணக்கிட்டு முடிக்கும் தாளக் கோப்பு): ஏழு மாத்திரைச் சொற்கட்டு மூன்று முறை, இடையில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (நீட்டி நிற்கும் இடைவெளி). ஆக 25. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை; சமத்திலிருந்து (தாளச் சுற்றின் தொடக்கம்) 7 விட்டு எடுத்தால் அடுத்த சமத்தில் சேரும். பதற்றத்தில் விழுங்கப்படுவது கார்வை. ஒன்றை விழுங்கினால் அரை அட்சரம் (அட்சரம் என்பது நான்கு மாத்திரை) முன்னதாக வந்து நிற்கும். காரணம் கணக்கு அல்ல: கார்வையில் வில் தீர்ந்துபோகிறது, மாற்றும் அவசரத்தில் அடுத்த சொல் தொடங்கிவிடுகிறது. ஏழாவது மாத்திரைக்கு வரும்போது பாதி வில்லாவது மிச்சம் இருக்கும்படி பிரித்துக்கொண்டதும் கோர்வை சமத்தில் உட்கார்ந்தது.

மார்ச் 3

புதுத் தந்தி. ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். நான்கையும் ஒரே சமயத்தில் கழற்றினால் குதிரை (தந்திகளைத் தாங்கும் பாலம்) சாயும், உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட்டும் (சிறு மரக்குச்சி) விழலாம். குதிரையின் பள்ளங்களிலும் மேல் நட்டிலும் (விரல்பலகையின் மேல்முனையில் தந்தி படியும் கட்டை) பென்சில் கரி. தந்தியை ஏற்ற ஏற்றக் குதிரையின் தலை விரல்பலகைப் பக்கம் இழுபடும். அடிக்கடி பக்கவாட்டில் பார்த்து நிமிர்த்த வேண்டும். எஃகுத் தந்தி ஓரிரு நாளில் நிலைக்கும். நைலான் உள்ளிழை கொண்டதற்கு ஒரு வாரம் ஆகும். கச்சேரிக்கு முந்தைய நாள் தந்தி மாற்றுவது அறவே கூடாது.

மார்ச் 13

அரங்கில் ஏ.சி. போட்டுப் பார்த்தோம். குளிரில் எஃகுத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும். விளக்குச் சூட்டில் இறங்கும். காற்று உலர்ந்தால் பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) நழுவும், அதற்குச் சாக்பீஸ் தூள். மிருதங்கத்தின் தோலும் உலர உலர ஏறும். எனவே மூவரும் அரை மணி முன்பே மேடையில் வாத்தியத்தை வைத்துவிட வேண்டும்.

மைக்கைத் தாழ்ந்த ஸ்டாண்டில், வாத்தியத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒலித்துளையை நோக்கி வைக்க வேண்டும். வில்லுக்கு நேரே வைத்தால் ரோசின் உரசல்தான் பெரிதாகக் கேட்கும். எக்கோ வேண்டவே வேண்டாம், வில் பிரிப்பு முழுக்க அதில் கரைந்துவிடும். மானிட்டரில் தம்புரா கேட்க வேண்டும்.

மார்ச் 15

நேற்றைய பதிவை இன்று கேட்டோம். வர்ணம் ஒத்திகையைவிட வேகமாகத் தொடங்கிவிட்டது; இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) மிருதங்கம்தான் இழுத்துப் பிடித்தது. ‘நீல நீரத’ நிரவலில் கடைசி ஆவர்த்தனம் வரை சொல் கேட்கிறது. கல்யாணி முடிந்ததும் இரண்டாம் தந்தி சற்று இறங்கியிருந்தது, பைரவிக்கு முன் சேர்த்தது நல்ல முடிவு. தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவி எடுத்த இடத்தில் வில் நடுங்குகிறது. பத்து நிமிடம் தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்த கை அது. தனி முடியும் முன், கடைசி மோரா (மூன்று முறை வரும் முடிவுச் சொற்கட்டு) வருகிறபோதே வில்லைக் கையில் எடுத்து, தோளைத் தளர்த்தி, ஒலி எழாமல் தந்தியின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வகுப்பில் இதைத்தான் பழகப் போகிறோம்.