இடது பின்கால்

பிப்ரவரி 3
நாய்களுக்கான கீழ்ப்படிதல் பயிற்சி, முதல் வகுப்பு. பத்து நாய்கள். ஒன்பது குட்டிகள், அப்புறம் சோமு. பக்கத்தில் நின்ற பெண் பழக்கதோஷத்தில் "எத்தனை மாசம்?" என்று கேட்டுவிட்டு, அவன் முகத்து நரையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நூற்றுப் பதினாலு மாசம் என்றேன்.

பிப்ரவரி 4
நாள் முழுக்கத் தூங்கினான். மூச்சு வருகிறதா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

பிப்ரவரி 9
'சிட்' என்றால் உட்காருகிறான், ஆனால் தவணை முறையில். முதலில் யோசனை. பிறகு பின்பக்கம் பாதி இறங்கும், அங்கே ஒரு நிறுத்தம், அப்புறம் மீதி. உட்கார்ந்ததும் இடது பின்கால் பக்கவாட்டில் விலகிப் போகிறது. முன்பும் இப்படித்தான் உட்காருவானா? பழைய படங்களை ஒரு மணி நேரம் தோண்டினேன். பாதிப் படத்தில் அவன் உட்காரவே இல்லை. மீதியில் கால் தெரியவில்லை.

பிப்ரவரி 11
டாக்டர் இடுப்பை மடக்கி நீட்டிப் பார்த்தார். மூட்டில் லேசான தேய்மானமாம். நடை நல்லது, வழுக்குகிற தரை வேண்டாம், குதிக்க விடாதீர்கள், இரண்டு கிலோ குறையட்டும் என்றார். கண்ணில் தெரியும் நீலச் சாயல் புரை இல்லையாம். வயதாக ஆகக் கண்ணின் வில்லை இறுகுவதால் வருவது, பார்வையைப் பெரிதாகக் கெடுக்காது. கண்ணைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் கால்தான்.

பிப்ரவரி 20
மருந்து மாதிரி தினம் மூன்று வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம், ரப்பர் விரிப்பின் மேல். உட்காருவதில் முன்னேற்றம் இல்லை. ஆனால் ஹீலில், அதாவது பக்கத்தில் ஒட்டி நடப்பதில், அவன் சூரன்! தோள் என் இடது முழங்காலை ஒட்டியே வருகிறது. நான் திரும்புவதற்குள் திரும்பிவிடுகிறான். கழுத்தை அண்ணாந்து, வெள்ளை விழி தெரிய, என் முகத்தையே பார்த்தபடி நடக்கிறான். "அக்கா, இப்படிக் கண்ணை எடுக்காம பாக்க வைக்கத்தான் மத்தவங்க மாசக்கணக்கா பாடுபடுறாங்க" என்றாள் பயிற்சியாளர். தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 1
35 அடி தள்ளி உட்காரவைத்துக் கூப்பிட்டேன். அவன் வேலியில் ஒரு குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'கம்.' இல்லை. மறுபடியும். இல்லை. நான்காவது தடவை கத்தியே விட்டேன், குட்டிகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. சோமு மட்டும் பார்க்கவில்லை. என்ன திமிர்! வீடு வரைக்கும் அவனோடு பேசவில்லை. நாயோடு கோபித்துக்கொண்டால் அது நாய்க்குத் தெரிந்தால்தானே.

மார்ச் 2
கால் வலியால்தான் வரவில்லையோ? வீடியோவை மெதுவாக ஓட்டிப் பதினோரு தடவை பார்த்தேன்.

மார்ச் 3
தூக்கம் இல்லை. நாங்கள் போகப்போகும் கீழ்ப்படிதல் போட்டி எப்படித் தொடங்கியது என்ற கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி பூடில் வளர்த்தவர். பூடில் வெறும் அலங்கார நாய் என்று கேலி பேசியவர்களின் வாயை அடைக்க 1933இல் கீழ்ப்படிதல் போட்டி ஒன்று நடத்தினார். வந்தவை எட்டு நாய்கள். 1936இல் அமெரிக்கன் கென்னல் கிளப்பே அதை ஏற்றுக்கொண்டது. அந்த எட்டில் ஒன்றுக்காவது நரைத்த முகம் இருந்திருக்கும் என்று நானாக வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 6
விதிப்புத்தகம் வந்தது. 200க்கு 170 எடுக்க வேண்டும், ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல். ரிங்குக்குள், அதாவது போட்டிக் களத்துக்குள், தீனி கூடாது. நொண்டும் நாயை நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

மார்ச் 9
நொண்டவில்லை.

மார்ச் 10
ஒரே ஒரு அடி. கல்லை மிதித்திருப்பான்.

மார்ச் 14
பாத்திர மூடி கைதவறி விழுந்தது. எனக்கே நெஞ்சு படபடத்தது. இரண்டடி தள்ளிப் படுத்திருந்தவனின் காதுமடல்கூட அசையவில்லை.

அசந்து தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அவன் விழித்திருக்கும்போது பின்னால் போய் நின்றேன். பெயர் சொன்னேன். விசில் அடித்தேன். தீனிப் பொட்டலத்தைக் கசக்கினேன். அந்தச் சத்தத்துக்கு முன்பெல்லாம் மூன்று அறை தாண்டி ஓடி வருவான். காலால் தரையைத் தட்டியதும் சட்டென்று திரும்பி, நான் இருப்பதைப் பார்த்து வாலை ஆட்டினான்.

மார்ச் 15
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு 'சிட்' என்றேன். தலையைச் சாய்த்து என்னையே பார்த்தான். பிறகு வலது கையை உயர்த்தி 'கத்திரிக்காய்' என்றேன். உட்கார்ந்தான், தவணை முறையில்.

எத்தனை நாளாக? எத்தனை மாதமாக? கண்ணை எடுக்காமல் பார்க்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. மார்ச் 1 அன்று யாரைப் பார்த்துக் கத்தினேன்?

மார்ச் 17
பயிற்சியாளர் கொஞ்சமும் அதிரவில்லை. "சரி, கையாலேயே கூப்பிடுங்க அக்கா. வாயால சொல்லலாம், இல்ல சைகை காட்டலாம், ஏதாவது ஒண்ணுன்னு விதியிலேயே இருக்கே." இருக்கிறது. நொண்டுவதைப் பற்றிய வரியைத் தேடிப் போகிற அவசரத்தில் தாண்டிப் போயிருக்கிறேன்.

மார்ச் 22
கை பக்கவாட்டில் நீளும், மடங்கி நெஞ்சுக்கு வரும். அவ்வளவுதான் சைகை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் வித்தை. இன்று குருவி வரவில்லை. காது பின்னால் பறக்க, குட்டி மாதிரி ஓடி வந்து என் முழங்காலில் மோதி, கோணலாக உட்கார்ந்தான். கோணலுக்கு மதிப்பெண் போகும். போகட்டும்.

மார்ச் 29
ஒத்திகைப் போட்டி. 163. ஒரு நிமிடம் உட்கார்ந்தே இருக்க வேண்டிய இடத்தில் நாற்பதாவது விநாடியில் நிதானமாகப் படுத்துவிட்டான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரில் ஏறியபின் கொஞ்சம் அழுதேன், சரியாகக் காரணம் தெரியவில்லை.

ஏப்ரல் 5
55 விநாடி!

ஏப்ரல் 6
31.

ஏப்ரல் 18
நாளைக்கு. எங்கள் எண் 27. பையில் லீஷ், தண்ணீர், விரிப்பு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. படுக்கப் போகுமுன் தரையை இரண்டு தட்டு தட்டினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

ஏப்ரல் 19
காலை 5.40. எழுந்ததும் நாலு அடி நொண்டினான். ஐந்தாவது அடியில் இல்லை. கிளம்புகிறோம்.