வரம்புக்கு ஊற்றிய தண்ணீர்

நம் பழைய மாணவர் சங்க மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "பிக் மட்ச் பற்றி வேண்டிய அளவுக்கு வந்திட்டுது, வேறை ஏதும் எழுதுங்கோ." சரி, அந்தக் கிரிக்கெட்டை விட்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட விடுதிச் சமையலறைக்குப் பின்னால், கிணற்றடிக்கும் மதிலுக்கும் நடுவில் கிடந்த தோட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். அதைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. அங்கே மண்வெட்டி பிடித்தவர்களில் பாதிப்பேர் பிந்தி வந்ததற்கும் வகுப்பில் கதைத்ததற்கும் தண்டனையாக வந்தவர்கள். அவர்களுக்கு அது இனிய நினைவாக இருக்க நியாயமில்லை.

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தோடு தொழில் முன்னிலைப் பாடம் என்று, ஏதாவது ஒரு தொழிலைப் பள்ளியிலேயே பழக்குகிற பாடம் ஒன்று வந்தது எங்கள் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். எங்களுக்கு விவசாயம் வாய்த்தது. அப்பாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "மண்வெட்டி பிடிக்கவோ உன்னைப் பட்டணத்துக்குப் படிக்க அனுப்பினனான்?" என்று கேட்டார். கேட்டது எந்தக் காலத்தில் என்று பாருங்கள்! பாணுக்கு விடியற்காலையில் வரிசை, அரிசி பங்கீட்டில், இரவுச் சாப்பாடு பல வீடுகளில் மரவள்ளிக்கிழங்கு. அதே நேரத்தில், அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கியதால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிக் கமக்காரர் கையில் காசு புரண்டது. மண்வெட்டி பிடித்தவர்கள் கல்வீடு கட்டினார்கள், மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். கந்தோரில் கிளறிக்கல் வேலை பார்த்த அப்பா எங்களுக்குக் கூப்பன் அரிசி வாங்கி வந்தார். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த விலையெல்லாம் சரிந்தது வேறு கதை.

விவசாயம் படிப்பித்த மாஸ்ரரின் பெயரை எழுதவில்லை. எங்கள் காலத்தவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு, வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கும் ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். கரும்பலகையில் அவர் எழுதியது குறைவு. பாடம் பெரும்பாலும் கிணற்றடியில்தான்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மழைத் தண்ணீர் செம்மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணக்கல்லுக்குள் தங்குகிறது. அதைக் கிணற்றால் அள்ளித்தான் முழுக் குடாநாடும் சாப்பிட்டது. அதனால் தண்ணீர் விஷயத்தில் மாஸ்ரர் ஒரு கருமி. தோட்டத்துக் கிணற்றில் துலா, அதாவது கையால் இறைக்கிற ஏற்றமரம், இருந்தது. ஒருவன் இறைக்க, தண்ணீர் வாய்க்காலால் ஓடி வரும். இன்னொருவன் தண்ணீர் மாற வேண்டும்: ஒரு பாத்தி நனைந்ததும் அதன் வாயைச் சேற்றால் அடைத்து, அடுத்த பாத்தியின் வாயைக் காலால் தட்டித் திறந்துவிட வேண்டும். பார்க்க லேசான வேலை. கவனம் பிசகினால் வரம்பு உடைந்து, இறைக்கிறவன் இறைத்ததெல்லாம் பாதையில் ஓடும். அப்போது மதிலோரத்திலிருந்து குரல் வரும்: "தம்பி, நீர் கத்தரிக்குத் தண்ணி விடுறீரோ, வரம்புக்கு விடுறீரோ?" அந்த "நீர்" என்ற மரியாதையில்தான் முழு அடியும் இருக்கும்.

அடுத்தது எரு. பாத்தி போட முன் நிலத்தைக் கொத்தி, பூவரசு, கிளிசறியா மரங்களின் குழையை, அதாவது இலைக் கிளைகளை, வெட்டித் தாழ்ப்போம். வேலி பிரித்துக் கட்டுகிற மாதங்களில் உக்கிய பனையோலைகள் சும்மா கிடைக்கும். அவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து புதைப்போம். இது மாஸ்ரரின் கண்டுபிடிப்பு இல்லை. புகையிலைத் தோட்டக்காரர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தது. வெயிலுக்கு வேலியாகவும் மழைக்குக் கூரையாகவும் நின்ற ஓலை கடைசியில் மண்ணுக்குள் போய் எருவாகும். குப்பை என்ற ஒன்றையே வைத்துக்கொள்ளாத ஊர் அது. இன்று அங்கே போனால் மதில், மதில், மதில். ஓலைக்கு எங்கே போவது?

கோழியும் இருந்தது. வீடுகளில் ஊர்க்கோழி மேய்ந்து திரிந்த காலத்தில், மாஸ்ரர் விடுதிக்கென்று வெள்ளை லெகோன் இனக் கோழி கொண்டுவந்து ஆழ்கூள முறையில் வளர்த்தார். தரையில் உமி தடிப்பாகப் பரவி, வாரம் ஒருமுறை கிளறிவிடுவோம். எச்சமும் உமியும் கலந்து மாதக்கணக்கில் அங்கேயே பதப்படும். பச்சைக் கோழியெருவைச் செடியடியில் போட்டால் சூட்டில் கருகிவிடும் என்பதால், கூட்டிலிருந்து எடுத்ததை நிழலில் குவித்து ஆறவிட்டுத்தான் பாத்திக்குப் போடுவோம். முட்டை யாருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் போனது என்று விடுதி மாணவர் எவரும் சாட்சி சொல்ல முடியாது. கத்தரிக்காய் எங்கள் கோப்பைக்கு வந்தது. வந்துகொண்டே இருந்தது.

பிறகு சோதனை, பல்கலைக்கழகம், 1983, கப்பல், விமானம் என்று எல்லோருக்கும் நடந்ததுதான். நான் சிட்னியில் இறங்கினேன்.

போரும் பொருள் தடையும் இறுகிய 1990க்குப் பிறகு ஊரிலிருந்த தங்கையிடமிருந்து கடிதங்கள் சுற்றிச் சுழன்று வரும். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. குண்டு செய்யப் பயன்படும் என்று யூரியாவுக்குத் தடை. மெசின் வைத்து இறைத்தவர்கள் மறுபடி துலாவுக்குப் போனார்கள். வளவுக்குள் கீரையும் மரவள்ளியும் வைத்தவர்கள் சமாளித்தார்கள். "உங்கடை மாஸ்ரர் சொன்ன குழைதான் இப்ப எல்லாருக்கும் பசளை" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு அந்தத் தோட்டமும் போயிற்று.

இங்கே சிட்னியில் எங்கள் வீடு மேற்கே வென்ற்வேர்த்வில் பக்கம். பின்வளவு அரைப் பரப்புக்கும் குறைவு. வந்த புதிதில் புல்லை வெட்டி வெட்டி எறிவது தவிர அதற்கு வேறு வேலை இருக்கவில்லை. மேற்குச் சிட்னியின் மண் களி. நனைந்தால் சப்பாத்தோடு கூடவே வரும், காய்ந்தால் கடப்பாரை கேட்கும். நம் செம்மண்ணுக்கு நேர் எதிர். அதிலே முருங்கைக் கதியாலை (வெட்டிய கம்பை) ஊன்றினால் வேர் அழுகிவிடும். மேடு கட்டி, ஜிப்சமும் உக்கிய எருவும் கலந்து, அதன் தலையில்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் குளிர்காலத்தில் இலை முழுவதும் கொட்டி மொட்டையாக நிற்கும். காய் சொற்பம், இலை தாராளம். காயை நம்பி இந்த ஊரில் முருங்கை வைக்காதீர்கள். கடையில் உறைந்த காய் கிடைக்கிறது. கறிவேப்பிலை அப்படியில்லை, வடக்கு வெயில் விழுகிற சுவரோரம் கொடுத்தால் போதும், இருபது வீட்டுக்குக் காணும். இங்கே வெயில் காலமான நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பயற்றை, பாகல், புடோல், கத்தரி. குளிருக்கு வெந்தயக்கீரை, கோவா (முட்டைக்கோஸ்), உள்ளி. தக்காளிக்கு வலை போடாவிட்டால் பழ ஈக்குத்தான் பாடுபடுகிறோம் என்று அர்த்தம்.

தண்ணீர் பாடம் கைகொடுத்தது 2019 கோடையில். அணைகளில் நீர் பாதிக்கும் கீழே இறங்கி, டிசெம்பரில் இரண்டாம் கட்டக் கட்டுப்பாடு வந்தது. தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கக்கூடாது. வாளியாலோ பூவாளியாலோ ஊற்றலாம், அதுவும் காலை பத்துக்கு முன் அல்லது பின்னேரம் நாலுக்குப் பின். வானம் முழுக்கக் காட்டுத்தீப் புகை. அயல் வீட்டு அவுஸ்திரேலியக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, வாளியால் எப்படிக் காப்பாற்றப் போகிறாய் என்று கேட்டார். பாத்தி தாழ்வாகவும் வரம்பு உயரமாகவும் இருந்தால், அள்ளி ஊற்றிய தண்ணீர் வேரடியை விட்டுப் போகாது. மேலே வைக்கோல் மூடாக்கு. இங்கே கடையில் விற்கிற மேட்டுப்பாத்திகள் மழை கூடிய ஊருக்குச் சரி. வறட்சியில் அவைதான் முதலில் காயும். அடுத்த கிழமை கிழவர் மண்வெட்டியோடு வந்தார். நானும் வரம்பு கட்டக் காட்டிக் கொடுத்தேன். "நீர்" என்று ஆங்கிலத்தில் சொல்ல வழியில்லாத குறை ஒன்றுதான்.

கோழிக்கு வருகிறேன். எங்கள் மாநிலத்தில் பொதுவாகப் பத்துக் கோழி வரை வீட்டில் வளர்க்கலாம். கூடு வீட்டிலிருந்து 4.5 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். சேவலைப் பல கவுன்சில்கள் விடுவதில்லை, அயலவரின் நித்திரைக்காக. நாங்கள் வைத்திருப்பது ஐசா பிரவுன். முதல் வருடம் முந்நூறு முட்டை வரை இடும் இனம். அப்புறம் வேகமாகக் குறையும். இடாத கோழியை என்ன செய்வது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. மனைவி பிறந்த ஊர் வழக்கப்படி அது குழம்பு. பேரப்பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள், ஆகவே அது ஓய்வூதியம். இருட்டும்போது கூட்டைப் பூட்ட மறக்கவே கூடாது. புறநகர்த் தெருக்களிலும் நரி திரிகிறது.

இங்கே மாஸ்ரருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர் காலத்து யாழ்ப்பாணத்தில் மண்ணைச் சந்தேகிக்கத் தேவை வரவில்லை. சிட்னியின் பழைய பகுதிகளில் வீட்டுச் சுவர்களுக்கு அடித்த பழைய பெயின்டிலும், வாகனப் புகையிலும் இருந்த ஈயம் இன்னும் மண்ணில் இருக்கிறது. ஈயம் கலந்த பெற்றோல் அவுஸ்திரேலியாவில் 2002இல்தான் முற்றாக நின்றது. மக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2013இலிருந்து வீட்டுத் தோட்ட மண்ணைப் பரிசோதித்துக் கொடுத்து வந்தார்கள். 2022இல் அந்த ஆய்வாளர்கள் சிட்னி வீட்டுக் கோழிகளின் முட்டையையும் பார்த்தார்கள்: கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம். கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறிக் கொத்துகிறதல்லவா, மண்ணில் உள்ளது முட்டைக்கு வரும். எங்கள் வீடு பிந்திய காலத்தது, மண் தப்பியது. உள்நகரில் நூறு வருட வீடு வாங்கிய நம் வகுப்புத் தோழன் ஒருவன் தன் மண்ணின் முடிவைப் பார்த்துவிட்டு, கோழிகளை எங்களிடம் தந்துவிட்டு, வெளியிலிருந்து மண் வாங்கிப் பெட்டிகளில் கீரை போடுகிறான். பழைய வீட்டில் இருப்பவர்கள் முட்டையைப் பேரனுக்குக் கொடுக்க முன் மண்ணைச் சோதியுங்கள். "சொந்தக் கோழி, சுத்தமான முட்டை" என்று நம்மவர் பெருமையடிக்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

கணக்குப் பார்த்தால் லாபம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீவனம், கூடு, வலை, தண்ணீர்க் கட்டணம் எல்லாம் கூட்டினால் எங்கள் முட்டை சுப்பர்மார்க்கெட் முட்டையைவிட விலை. கீரையிலும் கறிவேப்பிலையிலும் மட்டும் ஆதாயம் உண்டு.

போன தடவை ஊருக்குப் போனபோது விடுதிப் பக்கம் சென்று பார்த்தேன். தோட்டம் இருந்த இடத்தில் சைக்கிள் நிறுத்துகிறார்கள். கிணறு இருக்கிறது, மேலே கம்பி வலை. நம் சங்கம் விளையாட்டரங்குக்கும் ஸ்கோர் பலகைக்கும் காசு சேர்த்தது நல்ல காரியம்தான். அடுத்த வருட வரவுசெலவில் அந்த மூலைக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன்: கிணறு துப்புரவாக்க, ஒரு சிறிய மோட்டர், எரு. துலா வேண்டாம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாவம். பதில் இன்னும் வரவில்லை. செப்டெம்பர்ப் பொதுக்கூட்டத்தில் பிரேரணையாகக் கொண்டுவரப் போகிறேன், வழிமொழிய ஒருவர் தேவை. வழிமொழிகிறவருக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று. எதிர்த்து வாக்களிப்பவருக்கும் உண்டு, எங்கள் மரத்தடியில் வேர்க்கன்று தாராளமாக வெடிக்கிறது. சாடி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.