மேலை வாசலில் ஒரு சம்சாரி

திருவிடைமருதூருக்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை வந்துபோயிருக்கிறேன். அதற்கு என் நோட்டுப் புத்தகம்தான் சாட்சி. ஒரே நாளில் 7 கோயில் என்று வாடகைக் கார் வைத்துக்கொண்டு சுற்றிய நாள் அது. அந்தப் பக்கத்தில் இரண்டே வரி இருக்கிறது: "கூட்டம் இல்லை. தரிசனம் நன்றாக அமைந்தது." எந்த வாசல் வழியாக நுழைந்தேன், சந்நிதியில் எவ்வளவு நேரம் நின்றேன், என்ன வேண்டிக்கொண்டேன், ஒன்றுமே நினைவில் இல்லை.

தேவாரப் பாடல் பெற்ற சிவத்தலங்கள் 276. அவற்றில் 203 தலங்களை 11 ஆண்டுகளில் பார்த்து முடித்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம். மேலே வரிசை எண், தேதி. அதன் கீழே சுவாமி பெயர், அம்பாள் பெயர், தலமரம், தீர்த்தம். பக்கத்தின் அடியில் அந்தக் கோயில் விபூதியைச் சிறு காகிதத்தில் மடித்து ஒட்டியிருப்பேன். நோட்டைத் திறந்தாலே திருநீற்று மணம் வரும். வீட்டில் வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை.

மீதித் தலங்களையும் பார்த்துவிட வேண்டும், அலுவலகத்தில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருவண்ணாமலையில் ஒரு சிறிய அறை எடுத்துத் தங்கிவிட வேண்டும் என்பது என் இரண்டு வருட யோசனை. எனக்கு வயது 54. வீட்டுக் கடன் அடைந்துவிட்டது. மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. இனியும் காலையில் கிளம்பி, இரவில் திரும்பி, மாதச் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தால் தேடலுக்கு என்று எப்போது நேரம் வரும் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அந்தக் கேள்வி பொய்யானது இல்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், "அத்தையும் நம்மோடு வருவார்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் அத்தை, என் அம்மா. வயது 82. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு இரண்டு படி ஏற வேண்டும், கதவு வேறு குறுகல். வாக்கர் உள்ளே போகாது. ஒவ்வொரு முறையும் என் மனைவி அம்மாவின் இரண்டு கைகளையும் தன் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கமாக நடந்து அழைத்துப்போவாள். அம்மாவின் அறையை ஒட்டிப் படியில்லாமல் ஒரு குளியலறை கட்டிவிடலாம் என்று அவள் 3 வருடங்களாகச் சொல்லிவந்தாள். "வசதி என்று தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை" என்று நான் தள்ளிப்போட்டேன். அதே 3 வருடங்களில் 40 தலங்களுக்கு மேல் போய்வந்திருக்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு அந்த நாளைப் பற்றி எழுத முடியாது.

ஓய்வுக் கடிதத்தை எழுதி, தேதி மட்டும் போடாமல் பையில் வைத்துக்கொண்டேன். மறுபடி திருவிடைமருதூர் போய், அங்கே மகாலிங்க சுவாமி பாதத்தில் வைத்து எடுத்துவிட்டு, தேதியைப் போட்டுவிடுவது என்று முடிவு. "இந்த முறை நானும் வருகிறேன்" என்றாள் மனைவி. மகள் இரண்டு நாள் வந்து பாட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

கும்பகோணத்தில் ரயிலை விட்டு இறங்கி, மயிலாடுதுறை சாலையில் பஸ் பிடித்தால் அரை மணிக்குள் ஊர் வந்துவிடுகிறது. வடக்கே ஸ்ரீசைலம் மல்லிகார்ச்சுனம், தெற்கே நெல்லைச் சீமையில் திருப்புடைமருதூர், இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இது மத்தியார்ச்சுனம். மூன்றிலும் மருதமே தலமரம். இன்னொரு கணக்கும் உண்டு. திருவலஞ்சுழி விநாயகர், சுவாமிமலை முருகன், ஆலங்குடி தட்சிணாமூர்த்தி, சீர்காழி பைரவர், சிதம்பரம் நடராசர், திருவாரூர் சோமாஸ்கந்தர், திருவாவடுதுறை நந்தி, சூரியனார்கோயில் நவக்கிரகம், திருவாய்ப்பாடி சண்டிகேசுவரர் என்று சோழ நாட்டின் பெரும் பரப்பே இந்த ஒரு லிங்கத்தைச் சுற்றி அமைந்த பரிவாரம் என்பார்கள். இந்தப் பெயர்களில் பலவற்றை என் நோட்டில் தனித்தனி எண்களாக அடுக்கி வைத்திருந்தேன். ஒரே கோயிலின் சந்நிதிகளாக ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

கிழக்குக் கோபுர வாசலில் பட்டினத்தார் இருக்கிறார். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வணிகம் செய்த திருவெண்காடர். அவருக்கு மகனாக வளர்ந்த மருதவாணர் இந்த ஊரில், மருத மரத்தடியில் கிடைத்த பிள்ளைதான். அந்தப் பிள்ளை கடல் வணிகம் போய்த் திரும்பியபோது ஒரு பெட்டியை விட்டுவிட்டு மறைந்தது. பெட்டிக்குள் காதொடிந்த ஊசியும் ஓர் ஓலையும். "காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே." அந்த ஒரே வரியில் அத்தனை செல்வத்தையும் உதறி நடந்தவர். அவர் முன்னால் நின்றபோது என் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் வழியில்தான் நானும் போகிறேன் என்று அப்போது மனதார நம்பினேன்.

வாசலில் பூ வாங்கினோம். செருப்புகளையும் அந்தப் பூக்கார அம்மாளிடமே விட்டோம். சில்லறை தேடும்போது நோட்டை அவருடைய பலகையில் வைத்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இந்தக் கோயிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. வரகுண பாண்டியன் ஏறிவந்த குதிரையின் காலில், வழியில் தூங்கிக்கொண்டிருந்த ஓர் அந்தணர் அறியாமல் மிதிபட்டு இறந்துபோனார். அந்தணரைக் கொன்ற பாவமான பிரம்மஹத்தி பாண்டியனை விடாமல் தொடர்ந்தது. அவன் கிழக்கு வாசலில் நுழைந்தபோது அது உள்ளே வர முடியாமல் வெளியிலேயே நின்றுவிட்டது. அவன் வேறு வாசல் வழியாகப் போய்விட்டான். திரும்பி வருவான் என்று அது இன்னும் அங்கே காத்திருக்கிறதாம். அதனால் கிழக்கே நுழைந்தவர்கள் அந்த வழியே வெளியே வருவதில்லை.

மகாலிங்க சுவாமி சந்நிதியில் நாங்கள் போன நேரத்தில் ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். அர்ச்சகர் தீபத்தை மேலிருந்து மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினார். அந்த ஒளியில் பெரிய திருமேனி கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்து, மறுபடி இருளுக்குள் போயிற்று. ஓதுவார் பாடினார். சம்பந்தர் இந்தத் தலத்துக்கு அருளிய பதிகம். "ஓடே கலன் உண்பதும் ஊரிடு பிச்சை" என்று எடுத்தார். உண்கலம் ஓடு, உணவு பிச்சை, இருப்பிடம் காடு. அப்படிப்பட்டவன் மங்கையும் தானுமாக மகிழ்ந்து உறைகிற இடைமருது இதுதானா என்று போகிறது பாட்டு. எத்தனையோ முறை கேட்ட பதிகம்தான். ஓடும் பிச்சையும் காடும் என் காதில் விழுந்திருக்கின்றன. "மங்கையும் தானும் மகிழ்ந்து" என்பது அன்றுதான் விழுந்தது. பக்கத்தில் கண்மூடி நின்றிருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. 30 வருடங்களாக உடன் இருக்கிறவள்.

கடிதத்தை அர்ச்சகரிடம் கொடுக்கக் கை எழவில்லை. அம்பாளைத் தரிசித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நகர்ந்தேன். பிறகு பிராகாரம் சுற்றிவிட்டு என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே மேற்கு வாசலுக்கு வந்துவிட்டோம்.

அங்கேதான் நோட்டு இல்லை என்று தெரிந்தது. பையைத் தலைகீழாகக் கொட்டினேன். கடிதம் விழுந்தது, விபூதிப் பொட்டலம் விழுந்தது, நோட்டு இல்லை. 11 வருடங்கள். 203 தலங்கள். "பையை உன்னிடம்தானே கொடுத்தேன், ஒரு பொருளைப் பார்த்து வைத்துக்கொள்ளத் தெரியாதா?" என்று மனைவியிடம் கத்தினேன். வாசலில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தரிசனம் முடிந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நெற்றியில் பூசிய நீறு உலரவில்லை.

அவள் பதில் சொல்லவில்லை. கொட்டியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தாள். கடிதத்தை மட்டும் ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டு அதையும் உள்ளே வைத்தாள். "பூக்கடையில் இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள்.

நிமிர்ந்தபோது எதிரே பத்திரகிரியார் இருந்தார்.

பட்டினத்தாரைத் திருடர் என்று தவறாக எண்ணிக் கழுவேற்றச் சொன்ன அரசர் அவர். கழுமரம் தீப்பற்றி எரிந்ததைக் கண்டு, நாட்டையே துறந்து அவருக்குச் சீடரானார். குரு கிழக்கு வாசலில், சீடர் மேற்கு வாசலில். சீடர் பிச்சை வாங்கிவந்து குருவுக்குக் கொடுத்துவிட்டுத் தானும் உண்பார். மிச்சத்தை உண்ண ஒரு நாய் வந்து ஒட்டிக்கொண்டது. ஒருநாள் பசி என்று பட்டினத்தாரிடம் ஒருவர் வந்து கேட்டபோது, "நானோ ஒன்றுமில்லாதவன். மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்" என்றாராம். வந்தவர் சிவபெருமானே என்கிறது கதை. அந்தச் சொல்லைக் கேட்ட பத்திரகிரியார் துடித்துப்போனார். அரசை விட்டவனை ஒரு பிச்சை ஓடும் ஒரு நாயும் சம்சாரி ஆக்கிவிட்டனவே என்று ஓட்டை வீசி எறிந்தார். அது நாயின் தலையில் பட்டு, நாய் இறந்துபோயிற்று.

இந்தக் கதையை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஓட்டைப் பற்றித்தான் சொல்வேன், பற்று எவ்வளவு நுட்பமானது என்று விளக்குவேன். அந்த நாயைப் பற்றி நினைத்ததே இல்லை. அது என்ன செய்தது? அண்டி இருந்தது, அவ்வளவுதான். அன்று என்னால் அந்தச் சிலையை நேராகப் பார்க்க முடியவில்லை.

வெறுங்காலோடு வெளி வீதி வழியாகக் கிழக்கே நடந்தேன். தேரோடும் வீதி நீளம். பகல் பத்தரை மணி வெயிலில் தார்ச் சாலை காலைச் சுட்டது. ஓரத்து நிழலைத் தேடித் தேடி நடந்தேன். நம் அடியார்களில் எத்தனை பேர் எதையும் விடாமல் வீட்டிலிருந்தே சிவனை அடைந்தவர்கள் என்று ஒவ்வொருவராக மனத்தில் வந்தார்கள். திருநீலகண்டர் தில்லையில் அடியார்களுக்கு ஓடு வனைந்து கொடுத்த குயவர், மனைவியோடு வாழ்ந்தவர். சுந்தரர் கூச்சமே இல்லாமல் பொன் கேட்டார். திருமுதுகுன்றத்தில் 12,000 பொன் வாங்கி, மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். கேட்டது மனைவி பரவையாருக்காக. அந்தப் பொன் அவர் தேடலுக்குக் குறுக்கே வந்ததாகப் பெரியபுராணம் எங்கும் சொல்லவில்லை. பட்டினத்தார் துறந்ததும் உண்மை, சுந்தரர் கேட்டதும் உண்மை. நான் துறந்ததாக நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அம்மாவின் வசதியையும் மனைவியின் ஓய்வையும்தான். என்னுடையது என்று ஒன்றையும் விடவில்லை. அந்த நோட்டையும் சேர்த்து.

பூக்கார அம்மாள் என்னைத் தூரத்திலேயே கண்டுகொண்டார். நோட்டை ஈரம் படாமல் வாழையிலைச் சருகில் சுற்றிப் பலகைக்கு அடியில் வைத்திருந்தார். "சாமி விபூதி ஒட்டியிருக்கிறதே, தரையில் வைக்க மனம் வரவில்லை" என்றார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. கும்பிட்டேன்.

திரும்பும்போது என் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். இடது செருப்பின் வார் அறுந்து, கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. குதிகால் பக்கம் தேய்ந்து காகிதம் போல ஆகியிருந்தது. அம்மாவின் பாரத்தைத் தாங்கிப் பின்பக்கமாக நடக்கிற கால்களின் தேய்மானம். அந்த வீதி முழுவதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மேற்கு வாசலில், பத்திரகிரியாருக்குச் சற்றுத் தள்ளி, தூணில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். வீட்டில் பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்பவில்லை. செருப்பைக் கால் அருகில் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். அன்று கோயிலில் நான் அதிக நேரம் இருந்த இடம் அதுதான். உச்சிக்கால மணி அடித்தபோது அவளே விழித்தாள். "கிடைத்ததா?" என்றாள். "கிடைத்தது" என்றேன். "நான் கத்தியிருக்கக் கூடாது" என்றும் சொன்னேன். அவள் செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

மாலை ரயிலில் சன்னல் ஓரம் கிடைத்தது. அன்றைய தேதியைப் போட்டு, "திருவிடைமருதூர், இரண்டாம் முறை" என்று எழுதிவிட்டு, அதற்குமேல் எழுத ஓடாமல் வெகுநேரம் இருந்தேன். பிறகு நோட்டையும் பேனாவையும் அவளிடம் நீட்டி, "அம்மாவுக்குக் குளியலறை எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னாயே, அதை இதில் வரைந்து காட்டு" என்றேன்.

அவள் தயங்கினாள். "இதிலா?"

"இதில்தான்."

ரயில் ஆட்டத்தில் கோடுகள் கோணலாகத்தான் வந்தன. கதவு 3 அடி அகலம். வாசற்படி கிடையாது. வழுக்காத தரை. இடுப்பு உயரத்தில் சுவரோடு ஒரு கம்பி, கழிப்பறை அருகில் இன்னொன்று. உட்கார்ந்து குளிக்க ஒரு திண்ணை. 3 வருடங்களாக அவள் மனத்துக்குள் கட்டி முடித்த அறை அது, ஓர் அளவுக்குக்கூட யோசிக்கவில்லை. பக்கம் போதாமல் அடியில் விபூதி ஒட்ட விட்டிருந்த இடத்திலும் எழுதினாள்: "வெந்நீர்க் குழாய், அத்தையின் கைக்கு எட்டும் உயரம்."