44 மேக்னம்: வேட்டை ரிவால்வருக்கு என்ன தோட்டா, எப்படி லோட் பண்றது

ரிவால்வர் எடுத்துட்டு மான் வேட்டைக்குப் போறேன்னு சொன்னா டெக்சாஸ்லயே பாதிப் பேர் ஒரு மாதிரிதான் பாக்கறாங்க, ரைஃபிள் இருக்கும்போது எதுக்குப்பா இந்த வேண்டாத வேலைன்னு. மீதிப் பேர் உடனே கேக்கறது "என்ன லோட் போடறே?", அதாவது தோட்டாவுல என்ன புல்லட், என்ன பவுடர், எவ்வளவு வேகம்னு. இந்தப் போஸ்ட் அந்த ரெண்டாவது கூட்டத்துக்கு. வீட்டுலயே தோட்டா தயார் பண்றதைத்தான் லோட் பண்றதுன்னு சொல்றேன்.

ஆரம்பத்துல எல்லாரும் பெருசாத்தான் யோசிப்பாங்க. ஸ்மித் அண்ட் வெஸன் 500 மேக்னம் 2003ல வந்துச்சு, நீளக் குழல் மாடலைக் கையில எடுத்தா 2 கிலோ இருக்கும், சுட்டா மணிக்கட்டு ரெண்டு நாளைக்கு ஞாபகம் வச்சுக்கும். அதுக்கு முன்னாடியே 454 கசூல்னு ஒரு தோட்டா இருக்கு, அதோட உச்ச பிரஷர் 65,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்னு கணக்கு), ரைஃபிள்கூடப் போட்டி போடற அளவு, அதனாலதான் அதுக்குப் பிஸ்டல் பிரைமர் (பவுடரைப் பத்த வைக்கற சின்ன மூடி) போடாம ஸ்மால் ரைஃபிள் பிரைமர் போடறாங்க. அலாஸ்காவுல பழுப்புக் கரடி இருக்கற காட்டுல திரியறவனுக்கு இதெல்லாம் தேவைப்படலாம். நான் போறது டெக்சாஸ் ஹில் கன்ட்ரி, லானோ பக்கம், ஓக் மரமும் சப்பாத்திக் கள்ளியுமா கிடக்கற நிலம், இங்க இருக்கற வால்வெள்ளை மான் சைஸ்ல சின்னது, காட்டுப்பன்னிதான் கொஞ்சம் முரட்டு ஜென்மம். ரெண்டையுமே 50 கெஜத்துக்குள்ள சுடறோம். இதுக்கு 44 மேக்னம் தாராளம். இன்னும் சொல்லப் போனா 44 மேக்னமை முழு வேகத்துல ஓட்டணும்னுகூட அவசியம் இல்ல, அதுக்குத்தான் வரேன்.

44 மேக்னம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா தோட்டா தேர்வு பாதி புரிஞ்சிடும். ஐடஹோவுல எல்மர் கீத்னு ஒரு ஆளு, மாடு மேய்ச்சவர், வேட்டைக்கு வழிகாட்டியா போனவர், துப்பாக்கி பத்தி எழுதியே பேர் வாங்கினவர். முதல்ல 45 கோல்ட்ங்கற பழைய தோட்டாவுல கனமான லோட் போட்டுப் பாத்தாரு, சிலிண்டர் (தோட்டா உக்கார்ற சுத்தற உருளை) வெடிச்சுது. அப்புறம் 44 ஸ்பெஷல்ங்கற தோட்டாவுக்கு மாறினாரு, காரணம் சிம்பிள், அதே சைஸ் சிலிண்டர்ல ஓட்டை கொஞ்சம் சின்னதுன்னா சுத்தி இருக்கற இரும்பு தடிமனா இருக்கும். வருஷக்கணக்கா அதுல அளவுக்கு மீறி லோட் பண்ணி எழுதிக்கிட்டே இருந்தாரு, இதையே கம்பெனியில தயாரிங்கன்னு விடாம கேட்டாரு. கடைசியில ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸனும் சேந்து 1955ல 44 மேக்னமைக் கொண்டு வந்தாங்க. பழைய 44 ஸ்பெஷல் துப்பாக்கியில தெரியாம யாரும் போட்டுடக் கூடாதுன்னு கேஸை (தோட்டாவோட பித்தளைக் கூடு) ஒரு அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு நீட்டி விட்டாங்க. அதனால 44 மேக்னம் துப்பாக்கியில ஸ்பெஷலைப் போட்டு சுடலாம், ஸ்பெஷல் துப்பாக்கியில மேக்னம் போகாது. பேருதான் 44, புல்லட்டோட விட்டம் 0.429 அங்குலம்.

புல்லட்டுக்கு வருவோம். கடையில அதிகமா கிடைக்கறது 240 கிரெய்ன் ஹாலோ பாயின்ட், அதாவது மூக்குல குழி இருக்கற புல்லட், 7000 கிரெய்ன் சேந்தா ஒரு பவுண்ட், அந்தக் கணக்கு. மானுக்கு இது நல்ல புல்லட்தான், உள்ள போய் விரிஞ்சு வேலைய முடிச்சிடும். பன்னி வேற கதை. வயசான ஆண் பன்னிக்குத் தோள்பட்டைல கெட்டியா ஒரு படலம் இருக்கும், ஷீல்டுன்னு சொல்றாங்க, ஆண் பன்னிங்க ஒண்ணோட ஒண்ணு கொம்புப் பல்லால மோதிக்கும்போது அதுக்குக் கவசம் அதுதான். அதுல சேறு காஞ்சு வேற ஒட்டியிருக்கும். ஹாலோ பாயின்ட் அங்கயே விரிஞ்சுட்டா உள்ள போற ஆழம் குறையும். அதனால பன்னிக்கு நான் போடறது ஹார்ட் காஸ்ட், அதாவது ஈயத்துல ஆன்டிமனியும் டின்னும் கலந்து கெட்டியா வார்த்த புல்லட், மூக்கு கூரா இல்லாம அகலமா தட்டையா இருக்கும். கீத் வரைஞ்ச டிசைனும் இதே குடும்பம்தான், லைமன் 429421 அச்சு இன்னைக்கும் பேசப்படற பேரு, எடை 250 கிரெய்ன் கிட்ட வரும். இது விரியாது, தட்டை மூக்காலயே ஓட்டை போட்டுட்டு நேரா அந்தப் பக்கம் போயிடும். ரெண்டு பக்கமும் ஓட்டை இருந்தா ரத்தத் தடம் நல்லா கிடைக்கும், புதருக்குள்ள தேடறவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

இப்போ வேகம். கம்பெனி தோட்டா 240 கிரெய்ன் செகண்டுக்கு 1300 அடிக்கு மேல போகும்னு டப்பாவுல போட்டிருக்கும். விரியற புல்லட்டுக்கு அந்த வேகம் வேணும், மெதுவா போனா விரியாது. ஹார்ட் காஸ்டுக்கு அந்தக் கட்டாயமே இல்ல. 250 கிரெய்ன் தட்டை மூக்கு 1000, 1100 அடி வேகத்துலயே மானுக்குள்ள குறுக்கால பூந்து வெளிய வந்துடும். வேகத்தைக் குறைச்சா உதை குறையுது, சத்தம் குறையுது, மூணாவது தோட்டாவுலயே கண்ண மூடற பழக்கம் வராது. ரிவால்வர் வேட்டையில மிஸ் ஆகறதுக்கும் காயப்பட்டு ஓடறதுக்கும் முக்காவாசிக் காரணம் உதைக்குப் பயந்து டிரிகரை வெடுக்குன்னு இழுக்கறதுதான், புல்லட்ல பவர் பத்தாம இல்ல. வீட்டுல லோட் பண்றதோட முக்கிய லாபமே இதான்னு நான் நினைக்கறேன். கடையில கிடைக்கறது பெரும்பாலும் ஃபுல் பவர், இல்லன்னா ஸ்பெஷல்னு மெதுவான டார்கெட் லோட், நடுவுல இருக்கற அந்த இனிப்பான இடத்தை நாமளே பண்ணிக்கணும்.

300 கிரெய்ன் போட்டா இன்னும் நல்லதுதானேன்னு கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம். கனமான புல்லட் கீழ விழும்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. ரிவால்வர்ல கிட்டத்துல சுட்டா அது மேல போய்ப் படும். மெதுவா போறதால குழலுக்குள்ள கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கு, அதுக்குள்ள உதையில குழல் மேல தூக்கிடுது. 240க்கு செட் பண்ண சைட்டை வச்சுக்கிட்டு 300ஐப் போட்டு பேப்பர்ல பாருங்க, சிரிப்பு வரும். அதனால ஒரு புல்லட்டை முடிவு பண்ணி, சைட்டை அதுக்கு வச்சு, சீசன் முழுக்க அதையே ஓட்டணும்.

பவுடர் எத்தனை கிரெய்ன்னு இங்க எழுத மாட்டேன், யாராவது எழுதியிருந்தாலும் அதைப் பாத்து லோட் பண்ணாதீங்க. பவுடர் கம்பெனி வெளியிடற டேட்டா, புல்லட் கம்பெனி புத்தகம், ரெண்டையும் ஒப்பிட்டு, ஆரம்ப லோட்ல இருந்து மேல போகணும். கீத் காலத்துல 2400ங்கற பேர்ல வர்ற பவுடருக்கு அவர் சொன்ன எடை ரொம்பப் பிரபலம், இன்னைக்கு இருக்கற புத்தகங்கள்ல அதைவிடக் குறைவாதான் இருக்கும், பழைய கணக்கை அப்படியே காப்பி அடிக்க வேணாம்.

என்ன பவுடர்னு மட்டும் பேசலாம். ஃபுல் பவருக்கு எச்110ங்கற பவுடர், வின்செஸ்டர் 296னு இன்னொரு டப்பாவுல வர்றதும் அதே சரக்குதான். கசகசா மாதிரி நுணுக்கமான உருண்டை, மெஷர்ல (பவுடர் அளந்து விடற கருவி) சல்லுனு இறங்கும், அளவு மாறவே மாறாது. ஆனா இதுக்கு ஒரு குணம் இருக்கு, குறைச்சுப் போட்டா பிடிக்காது. 3 சதவீதத்துக்கு மேல குறைக்காதீங்கன்னு ஹாட்ஜ்டன் கம்பெனியே சொல்லுது. ரொம்பக் குறைச்சா சரியா பத்தாம புல்லட் குழல் நடுவுல சிக்கிக்கலாம், அது தெரியாம அடுத்ததையும் சுட்டா குழல் போச்சு, கை போறதும் போகாததும் அதிர்ஷ்டம். நல்ல சூடான பிரைமரும் இறுக்கமான கிரிம்பும் (கேஸ் வாயை மடிச்சு புல்லட்டைப் பிடிக்க வைக்கறது) இதுக்குக் கட்டாயம். நடு வேகத்துக்கு எச்110ஐத் தொடவே கூடாது, அங்க 2400, இல்ல இன்னும் கீழன்னா யூனிக்னு ஒரு பவுடர். யூனிக் பழைய காலத்துப் பவுடர், செதில் செதிலா இருக்கும், மெஷர்ல அவ்வளவு சமர்த்தா இறங்காது, சுட்டா புகையும் கொஞ்சம் வரும், ஆனா எந்த லோடுக்கும் வளைஞ்சு குடுக்கும். இதுல இருக்கற ஒரே பயம் ரெட்டைச் சார்ஜ், அதாவது ஒரே கேஸ்ல தெரியாம ரெண்டு தடவை பவுடர் போட்டுடறது. 44 கேஸ் பெருசு, யூனிக் ரெண்டு தடவை விழுந்தாலும் வழியாம உள்ளயே உக்காந்துக்கும்.

அதனால என் கராஜ்ல ஒரு சட்டம். பவுடர் போட்டதும் 50 கேஸையும் மரப் பலகையில வரிசையா நிறுத்தி வச்சு, டார்ச் அடிச்சு மேல இருந்து ஒவ்வொண்ணா உள்ள பாப்பேன். எல்லாத்துலயும் ஒரே மட்டம் இருக்கணும். ஒண்ணு ஏறி இருந்தாலோ இறங்கி இருந்தாலோ கண்ணுல உடனே தட்டுப்படும், தட்டுப்பட்டதைக் கொட்டிட்டு மறுபடி தராசுல வைக்கணும். அதுக்கப்புறம்தான் புல்லட் மேல கை போகும். இந்த நேரத்துல ஃபோன் அடிச்சாலும் எடுக்கறது இல்ல. ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்யற சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்தான் வச்சிருக்கேன், மெதுவானதுதான், எனக்கு அதுதான் தோது. நேர் சுவர் கேஸ்ங்கறதால, சுட்ட கேஸை மறுபடி அளவுக்குக் கொண்டு வர கார்பைடு டை (கெட்டியான அச்சு) போட்டா எண்ணெய் தடவற வேலை மிச்சம்.

அடுத்து கிரிம்ப். ரைஃபிள் லோட் பண்ணிப் பழகினவங்க இங்கதான் அசால்ட்டா இருப்பாங்க. ரிவால்வர் உதைக்கும்போது துப்பாக்கியும் கேஸும் பின்னால வரும், உள்ள இருக்கற புல்லட் இருந்த இடத்துலயே நிக்கப் பாக்கும், அதாவது சுடாம மிச்சம் இருக்கற தோட்டாவுல புல்லட் கொஞ்சம் கொஞ்சமா வெளிய நகந்து வரும். வந்து சிலிண்டருக்கு வெளிய மூக்கை நீட்டிடுச்சுன்னா சிலிண்டர் சுத்தாது, ஆறு குண்டு துப்பாக்கி அந்த நிமிஷமே இரும்புத் துண்டு. அதைத் தடுக்கறது கேஸோட வாயை புல்லட்ல இருக்கற பள்ளத்துக்குள்ள உருட்டி மடிக்கற ரோல் கிரிம்ப். மடிப்பு பள்ளத்துக்குள்ள முழுசா விழுந்திருக்கணும், விரல் நுனிய மேல இருந்து கீழ ஓட்டினா பித்தளை விளிம்பு நகத்துல தட்டக் கூடாது. கேஸ் எல்லாம் ஒரே நீளத்துல இல்லன்னா ஒண்ணுல மடிப்பு கம்மியா விழும், இன்னொண்ணுல கேஸ் உப்பிடும், அதனால கேஸை ஒரே நீளத்துக்கு ட்ரிம் பண்றதுல சோம்பேறித்தனம் கூடாது. புல்லட்டை உக்கார வைக்கறதையும் கிரிம்ப் பண்றதையும் ஒரே இழுப்புல செய்யலாம், நான் தனித்தனியா செய்வேன், காஸ்ட் புல்லட்ல ஈயத்தைச் சுரண்டாம இருக்கும்.

கிரிம்ப் பிடிக்குதான்னு டெஸ்ட் பண்றது ரொம்ப ஈஸி. ஒரு தோட்டாவை கேலிப்பர்ல அளந்து மார்க்கர்ல கோடு போட்டு வச்சுக்கிட்டு, மத்த அஞ்சையும் சுட்டுட்டு அதை மட்டும் வெளிய எடுத்து மறுபடி அளக்கணும். நீளம் கூடியிருந்தா அந்த லோடைக் காட்டுக்குக் கொண்டு போகாதீங்க.

காஸ்ட் புல்லட்ல குழல்ல ஈயம் படியுதுன்னு புலம்பறவங்க முதல்ல சந்தேகப்படறது ஈயம் கெட்டியா இல்லையோன்னு. பல நேரம் பிரச்சனை அளவுதான். புல்லட் சிலிண்டர் வாயில சரியா உக்காரணும், குழலைவிட ஒரு தவ் (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) பெருசா இருக்கணும். சின்னதா இருந்தா சூடான வாயு பக்கவாட்டுல பூந்து ஈயத்தை உருக்கி குழல்ல அப்பிடும். என் ருகர் சூப்பர் பிளாக்ஹாக் ரிவால்வருக்கு 0.430 அங்குலம் வச்சா சுத்தமா இருக்கு, உங்களுது வேற மாதிரி இருக்கலாம், அளந்து பாத்துக்கோங்க. ஈயத்தைத் தொட்ட கையோட டீ பிஸ்கட் சாப்பிடற பழக்கத்தையும் விட்டுடுங்க, வீட்டுல சின்னப் பசங்க இருந்தா கராஜ்க்கு உள்ளயே விடாதீங்க.

45 கோல்ட் வச்சிருக்கற நண்பர்களுக்குத் தனியா ஒரு எச்சரிக்கை. அது 1870கள்ல வந்த தோட்டா, அதோட சாதா உச்ச பிரஷர் 14,000 பிஎஸ்ஐ. 44 மேக்னமுக்கு 36,000. புத்தகங்கள்ல "ருகர் மாதிரி பலமான துப்பாக்கிக்கு மட்டும்"னு 45 கோல்ட்டுக்குத் தனிப் பக்கம் இருக்கும், அதுல உள்ள லோட் 44 மேக்னமுக்குக் கிட்ட வந்துடும். பிரச்சனை என்னன்னா வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே தோட்டா. அப்பா காலத்துக் கோல்ட்ல அதைப் போட்டா கீத்துக்கு நடந்ததுதான். டப்பாவுல சிவப்பு எழுத்துல எழுதி வைங்க, லோட் விவரம், தேதி, எந்தத் துப்பாக்கிக்குன்னு எல்லாம். அடுத்தவங்க லோட் பண்ணது எவ்வளவு நெருங்கின நண்பரோடதா இருந்தாலும் நான் சுட மாட்டேன், என்னோடதைக் குடுக்கவும் மாட்டேன், இதுல யார் கோச்சுக்கிட்டாலும் பரவால்ல.

சட்டம் பத்தி நம்ம ஆட்கள் கேக்கறதால ரெண்டு வரி. சொந்த உபயோகத்துக்கு லோட் பண்ண இங்க ஃபெடரல் லைசன்ஸ் வேண்டாம், வித்தா வேணும். டெக்சாஸ்ல 2019 செப்டம்பர்ல இருந்து தனியார் நிலத்துல உரிமையாளர் சம்மதத்தோட காட்டுப்பன்னி சுட ஹன்டிங் லைசன்ஸ் தேவையில்ல, மானுக்கு லைசன்ஸ் கட்டாயம். ஆனா எச்1பி மாதிரி விசாவுல இருக்கறவங்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் வச்சிருக்கறதுக்கே ஃபெடரல் சட்டத்துல பொதுவா தடை, செல்லுபடியாகற ஹன்டிங் லைசன்ஸ் இருந்தா விலக்கு உண்டு. அதனால பன்னிக்குத்தானே லைசன்ஸ் வேணாமேன்னு வெறும் கையோட வந்துடாதீங்க, முதல்ல லைசன்ஸ், கூடவே ஒரு வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை. ஊர்ல இருந்து படிக்கறவங்க இதை எதையும் முயற்சி பண்ண வேணாம்னு சொல்லத் தேவையில்லன்னு நினைக்கறேன், அங்க சட்டமே வேற.

இந்த சீசனுக்கு நான் வச்சிருக்கறது ஒரே லோட், 250 கிரெய்ன் ஹார்ட் காஸ்ட், 2400, நடு வேகம், மானுக்கும் அதுதான் பன்னிக்கும் அதுதான். எச்110 டப்பா ஷெல்ஃப்ல அப்படியே இருக்கு. அடுத்த போஸ்ட்ல இரும்பு சைட்டா ஸ்கோப்பான்னு எழுதறேன், அதுல சண்டை இன்னும் பெருசா வரும்.