படி நான்கு: ஒரு பொருளாளரின் நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 20, சனி

ஜெயித்துவிட்டோம். இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருக்கும்போதே முதலிடம் உறுதி. கடைசி விசில் ஊதியதும் மைதானத்துக்குள் ஓடியவர்களில் நானும் ஒருவன். ஐம்பதை நெருங்கும்போது ஓடக் கூடாத ஓட்டம் என்று முழங்கால் இப்போது சொல்கிறது. கோல்கீப்பர் அழுதுகொண்டிருந்தார். பகலில் குழாய் ரிப்பேர் பார்க்கும் ஆள், ஆறடி மூன்று அங்குலம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: தெற்கு லண்டனில் ஒரு சின்னக் கால்பந்து கிளப்புக்கு நான் பொருளாளர். சம்பளம் கிடையாது. மகளை ஒன்பது வயதில் பயிற்சிக்குக் கொண்டுவிடப் போன இடத்தில் "உங்களுக்கு எக்செல் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்று சொன்னது தப்பாகப் போயிற்று.

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் முதல் லீக் டூ வரை 92 கிளப்புகள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக். அங்கே நேஷனல் லீக் படி 1, அதன் வடக்கு, தெற்குப் பிரிவுகள் படி 2, பிறகு நான்கு பிரிவுகளாகப் படி 3, எட்டாகப் படி 4, பதினாறாகப் படி 5. நாங்கள் ஐந்திலிருந்து நான்குக்குப் போகிறோம்.

ராத்திரி திருச்சிக்கு போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன்.

"பரிசுப் பணம் எவ்வளவுடா?"

"கப் இருக்குப்பா. பணம்னு பெரிசா ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்கு ஜெயிச்சீங்க?"

2024 மே 5, ஞாயிறு

வெம்பிளியில் நேஷனல் லீக் பிளே-ஆஃப் (மேலே ஏறப்போவது யார் என்று தீர்மானிக்கும் ஆட்டங்கள்) இறுதியில் ப்ரோம்லி கிளப் பெனால்டியில் சொலிஹல் மூர்ஸை வென்று லீக் டூவுக்குப் போனது. அவர்கள் வரலாற்றில் முதல் முறை. கிளப் பாரில் எங்கள் செகரட்டரியோடு டிவியில் பார்த்தேன். 74 வயது, நாற்பது வருடமாக இதே கிளப். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அவர் பீரைக் கீழே வைத்துவிட்டு, "பாவம், இனி அந்தத் தரையைத் தோண்டணும்" என்றார்.

ப்ரோம்லியின் மைதானம் 3ஜி, அதாவது செயற்கைப் புல். நேஷனல் லீக் வரை அது செல்லும். லீக் டூவில் செல்லாது, இயற்கைப் புல்தான் வேண்டும். 2020-இல் ஏறிய ஹாரோகேட், தரையை மாற்றி முடிக்கும்வரை டான்காஸ்டர் மைதானத்தில் போய் 'சொந்த' ஆட்டங்களை ஆடியது. 2021-இல் சட்டனும் பெயர்த்துப் போட்டது. பெயர்க்கிற செலவு ஒரு முறைதான், அதைக்கூடச் சமாளித்துவிடலாம். செயற்கைத் தரையைத் திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் பள்ளிக்கூடங்களுக்கும் ராத்திரியில் அலுவலக டீம்களுக்கும் வாடகைக்கு விடலாம்; மழையோ பனியோ, கல்லாவில் காசு விழுந்துகொண்டே இருக்கும். புல்லில் அது முடியாது. மேலே ஏறிய அன்றே அந்த வருமானம் நின்றுபோகும். அந்தச் சட்டன் போன சனிக்கிழமைதான் லீக் டூவிலிருந்து திரும்ப இறங்கியது.

2024 மே 13, திங்கள்

நேற்று முன்தினம் கேட்ஸ்ஹெட் கிளப் எஃப்.ஏ. டிராபி (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நான்-லீக் கிளப்புகளுக்கு நடத்தும் கோப்பை) ஜெயித்தது. நேஷனல் லீக்கில் ஆறாவதாக வந்தும் அவர்களால் பிளே-ஆஃபில் ஆட முடியவில்லை. மைதானம் கவுன்சிலுடையது, இன்னும் பத்து வருடம் இங்கேதான் ஆடுவோம் என்று எழுத்தில் காட்ட முடியவில்லை, அதனால்.

இதைப் படித்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. எங்கள் குத்தகைப் பத்திரம் எங்கே? கிளப் அலமாரியைக் குடைந்ததில் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள், 1998 ஆம் ஆண்டு ராஃபிள் டிக்கெட் கட்டுக்கு அடியில் கிடைத்தது. பதினோரு வருடம் பாக்கி. அப்பாடா.

அந்த நிம்மதி சாயந்திரம் வரைதான். அதற்குள் 'கிரவுண்ட் கிரேடிங்' பட்டியல், அதாவது படி 4-க்கு மைதானத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல், வந்துவிட்டது. கூரையோடு இன்னும் 50 இருக்கைகள். மைதானத்தைச் சுற்றி விட்டுப்போன பக்கத்தில் கான்கிரீட் நடைபாதை. இரண்டாவது நுழைவாயில். நடுவர் அறையில் இன்னொரு ஷவர். ஃப்ளட்லைட் வெளிச்சம் அளக்கப்படும். கெடு 2025 மார்ச் 31. முடிக்கவில்லை என்றால் மைதானத்தில் எத்தனை கோல் போட்டாலும் கீழே இறக்கிவிடலாம்.

பிரீமியர் லீக் ஸ்டேடியம் ஃபண்ட் என்று ஒரு நிதி இருக்கிறது. சின்ன கிளப்புகளின் கட்டுமானத்துக்கு அதிலிருந்து மானியம் கிடைக்கும், ஆனால் முழுத் தொகையும் வராது. மீதிக்கு நாங்கள்தான் பொறுப்பு. யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு அலைகிறோம்.

ஃப்ளட்லைட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டீக்கடையின் தண்ணீர் பாய்லரும் விளக்குகளும் ஒரே லைனில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். அதனால் ராத்திரி ஆட்டங்களில் இடைவேளைக்கு முன்னாலேயே ஃபிளாஸ்க்குகளில் டீயை நிரப்பி வைத்துவிட்டு, டீக்கடைப் பாட்டி பிளக்கைப் பிடுங்கிவிடுவார். இது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். பட்டியல் அனுப்பியவர்களுக்குத் தெரியாது.

2024 ஆகஸ்ட் 17, சனி

எஃப்.ஏ. கோப்பை, முதல் தகுதிச் சுற்றுக்கும் முந்தைய சுற்று. சொந்த மைதானத்தில் 2–1 தோல்வி. ஜெயித்தவர்களுக்கு 1,444 பவுண்டு, எங்களுக்கு 481. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் எங்கள் லெஃப்ட் பேக் வழுக்கி விழுந்தார். அந்த வழுக்கலின் விலை 963 பவுண்டு என்று உடனே மனக்கணக்குப் போட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

2024 செப்டம்பர் 24, செவ்வாய் (உண்மையில் புதன் அதிகாலை 1.15)

போன வருடம் எங்களுக்கு மிகத் தூரமான ஆட்டமே நாற்பது நிமிடப் பயணம்தான். ஆளாளுக்குத் தன் காரில் வந்து சேர்வார்கள். இன்று இரண்டரை மணி நேரம், அதுவும் வேலை நாளில். பஸ் மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும். மூன்றரைக்கு யார் வேலையை விட்டு வருவார்? சென்டர் பேக் பள்ளியில் உதவி ஆசிரியர். அவரை மோட்டார்வே ஓரத்து சர்வீஸில் ஏற்றிக்கொண்டோம். விங்கர் டெலிவரி வேன் ஓட்டுபவர், வரவே முடியவில்லை. பதினான்கு பேரோடு போய் 4–0 வாங்கினோம்.

எதிரணிக்காரர்கள் தோற்கடித்ததில் வருத்தமில்லை. அவர்கள் சட்டைக்குள் ஓட்டத்தை அளக்கும் ஜிபிஎஸ் உள்ளாடை போட்டிருந்தார்கள். எங்கள் பிசியோ ஒரு வாளியும் ஸ்பாஞ்சும் வைத்திருந்தார்.

பஸ் வாடகை 700 பவுண்டைத் தாண்டியது. இந்தப் பிரிவில் 22 அணிகள், ஆக 42 லீக் ஆட்டங்கள், பாதி வெளியூர். பெருக்கிப் பார்த்தேன், லேப்டாப்பை மூடிவிட்டேன்.

வீட்டுக்குள் வந்தபோது மனைவி தூக்கத்தில், "ஏங்க, மைக்ரோவேவ்ல சாம்பார் சாதம் இருக்கு, அந்தக் கதவை டமால்னு சாத்தாதீங்க" என்றாள். சாத்திவிட்டேன்.

2024 அக்டோபர் 8, செவ்வாய்

'ஏழு நாள் நோட்டீஸ்' வந்துவிட்டது. ஒப்பந்தம் இல்லாத ஆட்டக்காரரை வேறு கிளப் அழைக்க நினைத்தால், ஏழு நாள் முன்னால் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். அப்புறம் பேசலாம், கூட்டிக்கொண்டும் போகலாம். ஒப்பந்தம் போட்டால் இதைத் தடுக்கலாம்தான். ஆனால் ஒப்பந்தம் போட்டால் அவர் காலை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

அழைத்தது எங்கள் ஸ்ட்ரைக்கரை. போன சீசனில் 31 கோல். எங்களுக்கு ஒரு படி மேலே இருக்கும் கிளப், வாரத்துக்கு எங்களைவிட இருமடங்கு தருகிறது. அவருக்கு ஜூலையில்தான் குழந்தை பிறந்திருக்கிறது. என்னிடம் வந்து, "மன்னிச்சிடுங்க" என்றார். நான் என்ன சொல்ல? "போய்ட்டு வாங்க" என்றேன். அவர் பூட்ஸைத் துடைத்துப் பையில் வைக்கிறவரை கூடவே நின்றேன்.

மேனேஜர் அடுத்ததாகச் சொன்னதுதான் கஷ்டம். இந்த மட்டத்துக்குப் போன வருடத்துப் பையன்களில் நான்கைந்து பேர் போதாதாம். அனுபவம் உள்ளவர்களை இறக்க வேண்டுமாம். ஆட்டத்தைப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் அந்த நான்கைந்து பேர்தான் கப்பை வாங்கிக் கொடுத்தவர்கள். அவர்களின் அம்மா அப்பாதான் வாசலில் டிக்கெட் கிழிக்கிறார்கள், மாதாந்திர ராஃபிள் விற்கிறார்கள். ஒரு ரைட் பேக்கை நீக்கினால் எனக்கு வாசலில் ஒரு ஆளும் சலவைக்கு ஒரு ஆளும் குறையும். இதை மேனேஜருக்குப் புரியவைக்க முடியவில்லை. அவருக்குப் புள்ளிகள் வேண்டும்.

2024 அக்டோபர் 30, புதன்

பிரிட்டன் அரசின் பட்ஜெட். அலுவலகத்தில் எல்லோரும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்க, நான் கிளப்பின் சம்பளப் பட்டியலைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். வேலை கொடுப்பவர் கட்டும் தேசியக் காப்பீடு அடுத்த ஏப்ரலிலிருந்து 15 சதவீதம். வருடத்துக்கு 9,100 பவுண்டாக இருந்த வரம்பு 5,000 ஆகிறது. வாரக் கணக்கில் 96 பவுண்டைத் தாண்டினாலே வரி. பகுதிநேர ஆட்டக்காரர்களின் சம்பளம் பலருக்கும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. சின்ன நிறுவனங்களுக்கான தள்ளுபடியை 5,000-இலிருந்து 10,500 ஆக்கியிருப்பதால் நாங்கள் தப்பிப்போம். இன்னும் இரண்டு படி ஏறினால் தப்ப மாட்டோம்.

2025 ஜனவரி 11, சனி

தரை உறைந்து ஆட்டம் ரத்து. காலை ஏழரைக்குச் செகரட்டரி குடையின் கம்பியைத் தரையில் குத்திப் பார்த்தார்; கல்லில் குத்திய மாதிரி சத்தம். இது சொந்த மைதானத்தில் தொடர்ச்சியாக ரத்தாகும் மூன்றாவது ஆட்டம். டிக்கெட் இல்லை, பர்கர் இல்லை, பார் இல்லை. சம்பளம் மட்டும் உண்டு. தள்ளிப்போன ஆட்டமெல்லாம் மார்ச்சிலும் ஏப்ரலிலும் செவ்வாய் ராத்திரிகளில் வந்து குவியும். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு வருவது சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதி.

2025 பிப்ரவரி 6, வியாழன்

கமிட்டிக் கூட்டம், மூன்றரை மணி நேரம். நல்ல ஷூ போட்ட ஒருவர் வந்திருந்தார். இரண்டு சீசனில் படி 2 என்றார். பணம் போடுவாராம். பதிலுக்கு மைதானத்தின் குத்தகையை அவருடைய கம்பெனி பெயருக்கு மாற்றித் தர வேண்டும், "நிர்வாக வசதிக்காக". மேனேஜரின் கண் பளபளத்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். 50 இருக்கை ஸ்டாண்டுக்கு இன்னும் ஒன்பதாயிரம் பவுண்டு குறைகிறது.

அவர் போனபின் செகரட்டரி எழுந்தார். கூட்டத்தில் அவர் எழுந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை. மெய்ட்ஸ்டோன் கிளப்பின் கதையைச் சொன்னார். 1988-இல் லண்டன் ரோடு மைதானத்தை விற்றார்கள். மறு வருடமே கான்ஃபரன்ஸ் (இன்றைய நேஷனல் லீக்) சாம்பியன், நான்காம் டிவிஷனுக்கு (இன்றைய லீக் டூ) ஏற்றம். ஆட இடமில்லாமல் டார்ட்ஃபோர்டில் ஒண்டிக்குடித்தனம். 1992 ஆகஸ்டில் கிளப் முடிந்தது. இடம் கொடுத்த டார்ட்ஃபோர்டும் அதே வருடம் லீக்கைவிட்டு விலகியது. டார்ட்ஃபோர்ட் மறுபடி சொந்த ஊரில் ஆட 2006 ஆயிற்று. "டார்ட்ஃபோர்டில் போய் அந்த ஆட்டங்களைப் பார்த்திருக்கிறேன். சொந்த ஆட்டத்துக்கு ஊரை விட்டுப் போன சனத்தின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்."

யாரோ அது பழைய கதை என்றார்கள். சரி, புதிய கதை என்று நான் நார்த் ஃபெரிபியைச் சொன்னேன். ஹல் பக்கத்துக் கிராமம். 2015-இல் வெம்பிளியில் ரெக்ஸமை வென்று எஃப்.ஏ. டிராபி, 2016-இல் நேஷனல் லீக். அடுத்த இரண்டு வருடமும் இறக்கம், 2019 மார்ச்சில் கிளப்பே கலைக்கப்பட்டது.

வாக்கெடுப்பு 6–5. வேண்டாம் என்று முடிவு. அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் இன்று எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

2025 மார்ச் 29, சனி

ஸ்டாண்ட் வந்துவிட்டது. ஒன்பதாயிரம் எப்படிச் சேர்ந்தது என்றால்: ஒரு க்விஸ் இரவு, சுவரில் பெயர் பொறித்த செங்கல் விற்பனை, என் மனைவியும் அவள் தோழிகளும் நடத்திய ஒரு தோசை மதியம் (மாவு மூன்று மணிக்கே தீர்ந்துபோனது, கார் பார்க் வரை வரிசை), மீதியை ஒரு பழைய ஆட்டக்காரரின் விதவை கொடுத்தார்.

மகள் 50 இருக்கைகளுக்கும் எண் ஒட்டினாள். இப்போது அவளுக்குப் பதினைந்து.

"அப்பா, 37 ரெண்டு இருக்கு, 38 இல்ல."

"யாரும் பார்க்க மாட்டாங்கம்மா."

"இன்ஸ்பெக்டர் பார்ப்பார்."

பிரித்து மறுபடி ஒட்டினாள். லீக் பட்டியலில் பதினெட்டாவதாக இருக்கிறோம். இன்றும் தோல்வி.

2025 மார்ச் 31, திங்கள்

இருட்டின பிறகுதான் வெளிச்சத்தை அளக்க முடியும் என்பதால் ஆய்வாளர் ஏழு மணிக்கு வந்தார். நல்ல மனிதர், அவரும் ஒரு காலத்தில் வேறொரு சின்ன கிளப்பில் மைதானத்துக்குக் கோடு போட்டவராம். இருக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். புது ஷவரைத் திறந்து கை வைத்துப் பார்த்தார். நடைபாதையின் அகலத்தை டேப் வைத்து மூன்று இடத்தில் அளந்தார். பின்னாலேயே நானும் செகரட்டரியும், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பின்னால் நடக்கிற மாதிரி.

எட்டு மணிக்கு விளக்குகளைப் போட்டோம். கையில் ஒரு சின்ன மீட்டரோடு மைதானத்தில் கட்டம் கட்டமாக நின்று குறித்துக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு அரை நிமிடம். குளிர் எலும்புக்குள் இறங்கியது. பாதியில் திரும்பி, "ஒரு டீ கிடைக்குமா?" என்றார்.

செகரட்டரி என்னைப் பார்த்தார். நான் டீக்கடையைப் பார்த்தேன். உள்ளே பாட்டி கோட்டு போட்டுக்கொண்டு, பாய்லரின் பிளக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார்.

"முடிச்சிட்டு வாங்க, சூடா போட்டுத் தரேன்" என்றார் அங்கிருந்தே.