காரைக்குடியிலிருந்து பழனிக்கு: நடைக் குறிப்புகள்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

மாலை போட்டாயிற்று. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் விரதத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள், பாதத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார்கள். சுமார் 160 கிலோமீட்டர் நம்மைச் சுமக்கப்போவது அதுதான். எங்கள் குழுவில் இந்த வருஷம் புதியவர்கள் அதிகம். முக்கியமாக அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

இன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நடக்கச் சொல்லியிருக்கிறேன். சும்மா கைவீசி நடப்பது போதாது. தோளில் மாட்டப்போகிற பையோடு, போடப்போகிற செருப்போடு நடக்க வேண்டும். வெறுங்காலோடு வருவதாக நேர்ந்துகொண்டவர்கள் வெறுங்காலோடுதான் பழக வேண்டும், அதுவும் தார் ரோட்டில். புது ஷூ வாங்குகிறவர்கள் சாயங்காலத்தில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடமாடினால் கால் கொஞ்சம் வீங்கும். அந்தக் காலுக்குப் பொருந்துகிற அளவுதான் வழியில் உதவும்.

அத்தைக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது, வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். முள் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. அத்தைக்கு மனசே இல்லை. "செருப்புப் போட்டு நடந்தா நேர்த்தி சேருமா சாமி?" என்று குருசாமியிடம் கேட்டார். "நீங்க நல்லபடியா வந்து மலையேறணும் ஆச்சி, அதுதான் நேர்த்தி" என்றார் குருசாமி. அவர் வாயால் வந்ததால் அத்தை ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி 1, சனி

பை கட்டியாயிற்று. இரண்டு வேட்டி, இரண்டு துண்டு, ஒரு போர்வை, குரங்குக் குல்லா (தைப்பனி விடியற்காலையில் காதைத் துளைக்கும்), டார்ச், தண்ணீர் பாட்டில், வாஸ்லின், பிளாஸ்டர், ஊசி, டெட்டால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சட்டைப்பையிலேயே மிட்டாய் வைத்திருக்க வேண்டும். வழக்கத்தைவிட அதிகம் நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். பெரிய பையைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

மூட்டை பின்னால் வண்டியில் வரும் என்றாலும் மருந்து எப்போதும் நம் தோளில்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு. திருப்பத்தூர்

விடிவதற்கு வெகு முன்பே கிளம்பிவிட்டோம். குன்றக்குடியில் சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளையார்பட்டி வழியாக இங்கே. நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்துதான் புறப்படும். அவர்கள் பழனிக்குப் போவதோடு நிற்பதில்லை, காவடியோடு நடந்தே திரும்புகிறவர்களும் உண்டு. அந்த நடையை ஒருதரம் பக்கத்தில் பார்க்க வேண்டும். அவசரமே இருக்காது, ஆனால் நிற்கவும் மாட்டார்கள்.

முதல் நாள் உற்சாகத்தில் பையன்கள் ஓட்டமாக ஓடுகிறார்கள். முதல் நாள் ஓடியவர்களுக்கு மூன்றாம் நாள் முழங்கால் பிடித்துக்கொள்ளும். அதனால் எங்கள் குழுவில் கடைசியாக வருகிறவரின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டிருக்கிறோம். ஒருவர் ஒதுங்கினால் மற்றவர் நிற்க வேண்டும்.

பிப்ரவரி 3, திங்கள். சிங்கம்புணரி

இன்று சொல்ல அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று: இருட்டில் ரோட்டின் வலது பக்கம் நடங்கள். எதிரே வருகிற வண்டி நமக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது. பையின் பின்புறம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். பச்சை வேட்டி, காவி வேட்டி எதுவும் இருட்டில் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. பாட்டுப் பாடிக்கொண்டு ரோட்டை அடைத்து நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பிப்ரவரி 4, செவ்வாய். நத்தம் போகும் வழி

கொட்டாம்பட்டி தாண்டி, சமுத்திராபட்டிக்கு முன்னால் ஒரு தோப்பில் படுத்திருக்கிறோம். மணி பதினொன்று. பத்து மணிக்கு மேல் தார் கொதிக்கிறது, தொட்டுப் பார்த்தாலே தெரியும். "இன்னும் கொஞ்ச தூரந்தானே, நத்தத்துல போய் உட்காரலாம்" என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் எழுந்துவிடுவார்கள். எழக் கூடாது. பாதம் பொத்துப்போவது அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் நிறுத்துவது, மறுபடி நாலு மணிக்கு மேல் இருட்டும்வரை நடப்பது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதித் தொல்லை வராது.

கொப்புளக் கச்சேரி இன்றுதான் ஆரம்பம். சின்னதாக இருந்தால் தொடவே வேண்டாம், மேலே பிளாஸ்டர் போதும். பெரிதாகி நடக்க முடியாமல் வலித்தால், காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டாலில் துடைத்த ஊசியால் ஓரத்தில் மட்டும் குத்தி நீரை வெளியேற்ற வேண்டும். மேல்தோலை உரிக்கக் கூடாது. அந்தத் தோல்தான் மருந்துக்கட்டு. சர்க்கரை உள்ளவர்கள் இந்த வைத்தியமே செய்ய வேண்டாம், வழியில் மருத்துவ முகாமில் இருக்கிற நர்சிடம் காட்டுங்கள். அத்தையின் இரண்டு பாதத்தையும் விரலிடுக்கு வரை டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. "என் காலை இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லடா" என்று சிரித்தார். தினமும் இரண்டு வேளை பார்ப்பேன்.

தொடையிடுக்கு உரசிப் புண்ணாவதை யாரும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. கிளம்பும் முன்பே வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டால் வராது.

பிப்ரவரி 6, வியாழன். திண்டுக்கல்

நேற்று கோபால்பட்டி, இன்று சாணார்பட்டி தாண்டித் திண்டுக்கல். பழனியில் நேற்று பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேறிவிட்டது. செய்தி வந்ததும் வழியெல்லாம் அரோகரா.

அன்னதானம் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வழியில் யாரும் பட்டினி கிடக்க முடியாது. பொங்கல், இட்லி, எலுமிச்சை சாதம், சுக்குக் காப்பி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள்கூட வாசலில் நீர்மோர்ப் பானை வைத்திருக்கின்றன. அவர்களை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ஆனாலும் எல்லா இடத்திலும் வாங்கிச் சாப்பிட்டால் வயிறு தாங்காது. அரை வயிறு சாப்பிடுங்கள், மோரும் தண்ணீரும் அடிக்கடி குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். வெறும் வயிற்றில், தண்ணீரும் குடிக்காமல் வலி மாத்திரை போடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், கிட்னியைக் கெடுக்கும். சாப்பிட்ட தட்டையும் கப்பையும் அவர்கள் வைத்த கூடையிலேயே போடுங்கள். வயல்காரர் என்ன பாவம் செய்தார்?

பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நடப்பதற்குக் காரணம் கழிப்பறை. பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம் எது வந்தாலும் குழு நின்று, பெண்கள் போய் வந்த பிறகுதான் நகர வேண்டும்.

பிப்ரவரி 8, சனி. விருப்பாச்சி

ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் எல்லாம் கடந்தாயிற்று. திண்டுக்கல்லுக்கு அப்புறம் கூட்டம் பல மடங்கு. விருப்பாச்சி மலைவாழைப்பழம் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பழம். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரின் ஊரும் இதுதான். பையன்களுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். கால் வலியை மறந்து கேட்டார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு. பழனி

ஆயக்குடியில் கொய்யா வாங்கிக் கடித்துக்கொண்டே நடந்தோம். மலை கண்ணில் பட்டதும் அத்தை நடுரோட்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். ஓரமாகக் கூட்டிப்போய் நிறுத்தினேன், அங்கேயும் கும்பிட்டபடியேதான் நின்றார்.

தைப்பூசம் 11-ஆம் தேதி. தேர் பார்க்க வேண்டும் என்பவர்கள் அன்றுவரை தங்கலாம். நிம்மதியாகத் தரிசனம் வேண்டும் என்பவர்கள் இப்படி இரண்டு நாள் முன்னதாக வந்துவிடுங்கள். அப்போதும் வரிசை மணிக்கணக்கில்தான். போனை மேலே கொண்டுபோக முடியாது, 2023 அக்டோபரிலிருந்து தடை. அடிவாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் பிரிந்து போனால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். படியேறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். ஏறும்போது படி, இறங்கும்போது விஞ்ச் ரயில் என்று வைத்துக்கொண்டால் வயதானவர்களுக்கு நல்லது.

காரைக்குடி பஸ்ஸில் ஏறும் முன் கொஞ்ச நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டு ஏறுங்கள். நடந்த காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் வீக்கம் இறங்காது. வீட்டுக்குப் போனபிறகும் ஒரு வாரம் பாதத்தைப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் குறையாமல் இருந்தாலோ, புண் சிவந்து சூடாக இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.